ரிட்ஜ் சாலை 9ஆம் எண் வீட்டு மருத்துவர்

அமெரிக்கக் கவிஞரும் மருத்துவருமான வில்லியம் கார்லோஸ் வில்லியம்ஸ் நோயாளிகளைப் பார்த்த அறையின் மேசையில் ஒரு தட்டச்சுப் பொறி இருந்தது. மேசையின் பலகை ஒன்றை உயர்த்தினால், அதனோடு பிணைக்கப்பட்டிருந்த பொறி மேலே வரும். பலகையை இறக்கினால் உள்ளே போய்விடும். ஒரு வாக்கியத்தின் நடுவில் இருக்கும்போது நோயாளி கதவைத் திறந்துகொண்டு வந்தால் பொறி சட்டென்று கீழே போகும், அவர் மருத்துவராகிவிடுவார். நோயாளி வெளியேறியதும் பொறி மீண்டும் மேலே வரும். எழுதுவதற்கு ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ எப்போதும் கிடைக்கும் என்று 1951இல் வெளிவந்த தன் சுயசரிதையின் முன்னுரையில் அவர் சொல்லியிருக்கிறார்.

அவரைப் பற்றி எழுதுபவர்களில் பலர், பிழைப்புக்கு மருத்துவம், மனத்துக்குக் கவிதை என்று அவருடைய வாழ்க்கையை இரண்டு கூறாக்கிவிட்டு, இரண்டையும் ஒருவர் எப்படிச் சமாளித்தார் என்று வியக்கிறார்கள். எனக்கு இந்த வியப்பு ஒப்பவில்லை. அவருடைய கவிதைகளையும் கதைகளையும் திரும்பத் திரும்பப் படித்துவரும் எனக்கு, மருத்துவம் அவருடைய எழுத்து நேரத்தைத் தின்றது என்பதைவிட, அவருடைய எழுத்தின் வடிவத்தையே அதுதான் உருவாக்கியது என்று படுகிறது. குறுகிய வரி, கண்ணெதிரே இருப்பதை மட்டும் சொல்லும் பழக்கம், படிக்காதவர்களின் பேச்சின்மீது அவருக்கு இருந்த அளவற்ற மரியாதை ஆகிய எல்லாமே நோயாளிகளின் வீட்டுப் படிகளை ஏறி இறங்கியதால் வந்தவை.

அவர் 1883 செப்டம்பர் 17 அன்று நியூ ஜெர்சி மாநிலத்தின் ரதர்ஃபோர்டு நகரில் பிறந்தார். நியூயார்க்குக்கு மேற்கே, ஒரு மணி நேரத்துக்குள் போய்வரக்கூடிய சிறிய ஊர் அது. தந்தை இங்கிலாந்தில் பிறந்து கரீபியத் தீவுகளில் வளர்ந்தவர்; அமெரிக்காவில் குடும்பம் நடத்தியும் அந்நாட்டுக் குடியுரிமையைக் கடைசிவரை வாங்காதவர். தாய் எலேனா போர்ட்டோ ரிக்கோவின் மயாகுவேஸ் நகரத்தைச் சேர்ந்தவர். இளமையில் பாரிஸில் ஓவியம் படித்தவர். வீட்டில் ஸ்பானிய மொழி புழங்கியது. அமெரிக்கப் பேச்சுமொழிக்காகவே வாழ்நாள் முழுவதும் வாதாடிய ஒருவர், அந்த மொழி அரைகுறையாகவே புழங்கிய வீட்டில் வளர்ந்தார் என்பதை நான் முக்கியமாக நினைக்கிறேன். பிறப்பிலேயே ஒரு மொழிக்குள் இருப்பவருக்குக் கேட்காத பல ஓசைகள், வாசலில் நின்று கேட்பவருக்குத் துல்லியமாகக் கேட்கும்.

1902இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கச் சேர்ந்தார். அங்கே அவருக்குக் கிடைத்த நண்பர்களில் ஒருவர் கவிஞர் எஸ்ரா பவுண்ட். வானியல் பேராசிரியர் ஒருவரின் மகளும், பின்னாளில் எச்.டி. என்ற பெயரில் புகழ்பெற்ற கவிஞருமான ஹில்டா டூலிட்டிலும், ஓவியர் சார்லஸ் டெமுத்தும் அக்காலத்தில்தான் அறிமுகமானார்கள். 1906இல் பட்டம் பெற்று நியூயார்க்கில் பயிற்சி மருத்துவரானார். அங்கே ஒரு குழந்தைகள் மருத்துவமனையில், தான் சரிபார்க்காத கணக்கு அறிக்கையில் கையெழுத்திடச் சொன்னபோது மறுத்து, வேலையை விட்டு விலகினார். பின்னர் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் குழந்தை மருத்துவம் படித்துத் திரும்பி, 1910இல் சொந்த ஊரிலேயே தொழிலைத் தொடங்கினார்.

முதல் கவிதைத் தொகுப்பு 1909இல் ரதர்ஃபோர்டின் உள்ளூர் அச்சகத்தில், சொந்தச் செலவில் அச்சானது. நான்கு பிரதிகள் விற்றன. தொகுப்பில் இருந்தவை ஆங்கிலக் கவிஞர் கீட்ஸின் நடையைத் தொற்றிக்கொண்ட கவிதைகள். பின்னாளில் அவரே அவற்றை மறுபதிப்புச் செய்ய விரும்பவில்லை. அப்போது லண்டனில் இருந்த பவுண்ட், காலத்துக்குப் பின்தங்கி எழுதுகிறாய் என்ற பொருளில் கடுமையாகக் கடிதம் எழுதினார். நண்பன் சொன்னது சரிதான். ஆனால் அதற்கான மாற்று மருந்தாகப் பவுண்ட் பரிந்துரைத்த ஐரோப்பாவை மட்டும் வில்லியம்ஸ் ஏற்றுக்கொள்ளவில்லை.

1912இல் ஃபிளாரன்ஸ் ஹெர்மனை மணந்தார். நண்பர்கள் எல்லோருக்கும் அவர் ஃபிளாஸி. அடுத்த ஆண்டு இருவரும் ரிட்ஜ் சாலை 9ஆம் எண் வீட்டுக்குக் குடிவந்தார்கள். வில்லியம்ஸ் சாகும்வரை அதுதான் வீடு, அதுதான் கிளினிக். இரண்டு ஆண் குழந்தைகள் பிறந்தார்கள். அவருடைய தலைமுறையின் எழுத்தாளர்கள் ஒருவர்பின் ஒருவராக லண்டனுக்கும் பாரிஸுக்கும் கப்பலேறிக்கொண்டிருந்த காலம் அது. வில்லியம்ஸும் 1924இல் மனைவியோடு சில மாதங்கள் ஐரோப்பாவில் கழித்தார். நாவலாசிரியர் ஜேம்ஸ் ஜாய்ஸ் உள்ளிட்டவர்களைச் சந்தித்தார். ஊர் திரும்பி மீண்டும் பிரசவம் பார்க்கப் போனார். தொழிலில் இருந்த காலத்தில் ஆயிரக்கணக்கான குழந்தைகளைப் பிறப்பித்தவர் அவர். 1918இன் இன்ஃபுளுவென்சா கொள்ளைநோயின்போது ஊரின் மருத்துவர்கள் ஒரு நாளில் அறுபது வீடுகள்வரை போய்ப் பார்க்க வேண்டியிருந்தது என்று சுயசரிதையில் நினைவுகூர்கிறார்.

அந்த வீடுகளில் இருந்தவர்களில் பெரும்பாலோர் பசேயிக் ஆற்றங்கரைத் தொழிற்சாலைகளில் வேலை செய்த போலந்து, இத்தாலியக் குடியேறிகள். பலரால் கட்டணம் தர முடியவில்லை. அவர்களுடைய சமையலறைகளில்தான் அவர் காதைத் தீட்டிக்கொண்டார். இந்தச் சொற்களை எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்ற கேள்விக்கு, போலந்துத் தாய்மார்களின் வாயிலிருந்து என்பது அவருடைய பதில். இதை ஒரு சாமர்த்தியமான பதிலாகப் பலர் மேற்கோள் காட்டுகிறார்கள். நான் அதை ஒரு தகவலாகவே எடுத்துக்கொள்கிறேன். பிள்ளைக்கு எப்போது காய்ச்சல் தொடங்கியது, என்ன சாப்பிட்டான், எங்கே வலிக்கிறது என்று பதறிக்கொண்டு சொல்லும் ஒரு தாயின் பேச்சில் அலங்காரத்துக்கு இடமில்லை. அப்படிப்பட்ட பேச்சை நாள் முழுவதும் கேட்டுவிட்டு வந்தவரின் வரிகள் நீளமாக இருந்திருந்தால்தான் ஆச்சரியப்பட வேண்டும்.

1923இல் வந்த ‘ஸ்பிரிங் அண்ட் ஆல்’ அவருடைய பெரும் சாதனைகளில் ஒன்று. உரைநடைத் துண்டுகளும் 27 கவிதைகளும் கலந்த அந்தப் புத்தகம் பிரான்ஸின் திஜோன் நகரில், ஏறத்தாழ 300 பிரதிகள் மட்டுமே அச்சிடப்பட்டது. கவிதைகள் பின்னர் பல தொகுப்புகளில் தனித்தனியாக இடம்பெற்றாலும், உரைநடையோடு சேர்ந்த முழுப் புத்தகம் 1970 வரை மறுபதிப்புக் காணவில்லை. ஆக, இருபதாம் நூற்றாண்டு அமெரிக்கக் கவிதையின் மிக முக்கியமான நூல்களில் ஒன்று, ஏறக்குறைய அரை நூற்றாண்டு யாருடைய கைக்கும் முழுதாகக் கிடைக்காமலே இருந்தது.

அதன் முதல் கவிதை, தொற்றுநோய் மருத்துவமனைக்குப் போகும் சாலையில் தொடங்குகிறது. வடகிழக்கிலிருந்து மேகங்கள் வருகின்றன, குளிர்காற்று, சேறு படிந்த அகன்ற வயல், நின்றும் சரிந்தும் கிடக்கும் காய்ந்த களைகள், ஆங்காங்கே தேங்கிய நீர். வசந்தத்தைப் பற்றிய கவிதையில் பாதிவரை ஒரு பச்சை இலைகூட இல்லை. பிறகு செடிகள் மண்ணை விட்டு மேலே வருவதை, அவை ஆடையின்றி, குளிரில் நடுங்கி, நுழைகிறோம் என்பதைத் தவிர வேறெதிலும் உறுதியில்லாமல் புதிய உலகத்துக்குள் வருகின்றன என்று எழுதுகிறார். பிரசவ அறையில் நின்று பழகாத ஒருவர் வசந்தத்தை இப்படிப் பார்த்திருக்க மாட்டார். அந்தக் கவிதையில் எங்கும் குழந்தை என்ற சொல் வரவில்லை, வரத் தேவையுமில்லை.

அதே நூலின் இருபத்திரண்டாம் கவிதைதான் உலகம் முழுவதும் பாடப்புத்தகங்களுக்குப் போன சிவப்புத் தள்ளுவண்டிக் கவிதை. மொத்தம் 16 சொற்கள், எட்டு வரிகள். மழைநீர் பட்டுப் பளபளக்கும் சிவப்பு நிற ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி, பக்கத்தில் வெள்ளைக் கோழிகள், இவற்றையே எவ்வளவோ நம்பியிருக்கிறது என்ற தொடக்கம்; அவ்வளவுதான். ஒவ்வொரு ஈரடியிலும் முதல் வரியில் மூன்று சொற்கள், இரண்டாவதில் ஒன்று. வண்டியின் சக்கரமும் உடலும் ஒரு வரியின் முறிவில் பிரிந்து, படிப்பவரின் கண்ணில் மறுபடி பொருந்துகின்றன. இது ஓவியர்களோடு பழகியவரின் கண். ஆனால் அந்த வண்டி வெறும் காட்சிப்பொருள் அல்ல. மார்ஷல் என்ற முதிய கறுப்பினத்தவரின் வீட்டுக் கொல்லையில் அதைப் பார்த்ததாகவும், அந்த மனிதர் மீதிருந்த பிரியம் எப்படியோ கவிதைக்குள் வந்துவிட்டதாகவும் வில்லியம்ஸ் பின்னாளில் எழுதினார். அந்த மனிதர் ரதர்ஃபோர்டின் எல்ம் தெருவில் வாழ்ந்த தாடியஸ் மார்ஷல் என்று கவிஞரும் விமர்சகருமான வில்லியம் லோகன் பழைய ஆவணங்களைக் கொண்டு கண்டுபிடித்தார். 2015இல், அதுவரை அடையாளமின்றிக் கிடந்த மார்ஷலின் கல்லறைக்கு நினைவுக்கல் வைக்கப்பட்டது. கவிதையில் ‘எவ்வளவோ நம்பியிருக்கிறது’ என்பதற்குப் பின்னால் அந்த வண்டியை உருட்டிப் பிழைத்த ஒருவர் இருந்தார் என்று அறிந்தபின், இதை வெறும் படிமக் கவிதை என்று வகுப்பில் சொல்லிக்கொடுப்பது எனக்குப் போதுமானதாகத் தோன்றவில்லை.

இந்தப் புத்தகம் வருவதற்கு முந்தைய ஆண்டு, 1922இல், கவிஞர் டி.எஸ். எலியட்டின் ‘பாழ்நிலம்’ வெளியாகியிருந்தது. கிரேக்கமும் லத்தீனும் சமஸ்கிருதமும் மேற்கோள்களாக நிறைந்த அந்த நெடுங்கவிதை, தங்கள் உலகத்தின்மீது அணுகுண்டு விழுந்ததுபோல எல்லாவற்றையும் துடைத்துப் போட்டது என்றும், கவிதையை எலியட் மீண்டும் வகுப்பறைக்கே கொண்டுபோய்விட்டார் என்றும் வில்லியம்ஸ் எழுதினார். அவருடைய கோபத்தில் பொறாமையும் கலந்திருந்தது என்று சொல்பவர்கள் உண்டு. இருக்கலாம். ஆனால் அவர் எழுப்பிய கேள்வி நியாயமானது: ஓர் ஊரின் வெளிச்சத்தில், அந்த ஊரின் பேச்சில் இருந்து கவிதை எழும்ப முடியுமா, அல்லது நூலகத்தின் உதவி எப்போதும் வேண்டுமா? அடுத்த முப்பது ஆண்டுகள் பல்கலைக்கழகங்கள் எலியட்டின் பக்கமே நின்றன. வில்லியம்ஸ் சிறு பத்திரிகைகளில், சிறு பதிப்பகங்களில் எழுதிக்கொண்டிருந்தார். 1934இல் கவிஞர் லூயிஸ் ஜுகோஃப்ஸ்கியும் நண்பர்களும் நடத்திய சிறு பதிப்பகம் அவருடைய தொகுப்பை வெளியிட்டது. அதற்கு முன்னுரை எழுதிய வாலஸ் ஸ்டீவன்ஸும் காப்பீட்டு நிறுவனத்தில் முழுநேர வேலை பார்த்த கவிஞர்தான். ஐஸ் பெட்டியில் இருந்த பிளம்ஸ் பழங்களை நான் தின்றுவிட்டேன், மன்னித்துவிடு என்று மனைவிக்கு எழுதி வைத்த சீட்டைப் போன்ற அந்தப் பிரபலமான சிறு கவிதையும் அதே ஆண்டு வெளிவந்தது.

அவருடைய சிறுகதைகளைப் பற்றிப் பேசாமல் அவரை அறிமுகப்படுத்துவது அநீதி. 1938இல் வெளிவந்த தொகுப்பில் உள்ள ‘பலப்பிரயோகம்’ என்ற கதை சில பக்கங்களே நீளும். மூன்று நாள் காய்ச்சலோடு ஒரு சிறுமி சமையலறையில் தந்தையின் மடியில் உட்கார்ந்திருக்கிறாள். பள்ளியில் தொண்டை அடைப்பான் நோய் பரவிக்கொண்டிருக்கிறது. வாயைத் திறந்து காட்டச் சொன்னால் மறுக்கிறாள். மருத்துவர் நெருங்கும்போது பூனைபோல் பாய்ந்து அவருடைய மூக்குக்கண்ணாடியைத் தட்டிவிடுகிறாள். நாக்கை அழுத்தும் மரப்பட்டையைப் பற்களுக்கிடையே நுழைத்தால், கடித்துச் சிம்பு சிம்பாக்குகிறாள். வாயில் ரத்தம் வருகிறது. பெற்றோர் அவமானத்தில் குறுகுகிறார்கள். கடைசியில் மருத்துவர் கனமான வெள்ளிக் கரண்டியைத் தொண்டைவரை செலுத்திப் பார்க்கிறார். இரண்டு பக்கமும் வெண்படலம் மூடியிருக்கிறது. உயிருக்கு ஆபத்தான அந்த ரகசியத்தை அவள் மூன்று நாட்களாகத் தனக்குள் பூட்டி வைத்திருந்தாள்.

கதையின் உண்மையான அதிர்ச்சி நோயில் இல்லை. அந்தச் சிறுமியை அடக்குவதில் தனக்கு ஓர் இன்பம் இருந்தது என்று மருத்துவரே ஒப்புக்கொள்கிறார். குழந்தையின் நன்மைக்காக, மற்றக் குழந்தைகளின் பாதுகாப்புக்காக என்ற காரணங்கள் எல்லாம் உண்மைதான். ஆனால் அந்தக் கணத்தில் அவரை இயக்கியது அவை அல்ல, வெறி. ஒரு மருத்துவர் தன் தொழிலைப் பற்றி இவ்வளவு பச்சையாக எழுதியதை நான் வேறெங்கும் படித்ததில்லை. சிறுமிமீது அவருக்கு ஏற்படும் மரியாதையும் அதே அளவுக்கு உண்மையானது. பெற்றோரைவிட அவள்தான் உயர்ந்து நிற்கிறாள் என்று கதை வெளிப்படையாகவே சொல்கிறது.

‘பேட்டர்சன்’ நெடுங்கவிதையின் முதல் நான்கு பகுதிகள் 1946 முதல் 1951 வரையும், ஐந்தாவது 1958இலும் வெளிவந்தன. பேட்டர்சன் ரதர்ஃபோர்டுக்கு அருகிலுள்ள தொழில்நகரம். பசேயிக் ஆறு அங்கே பெரும் அருவியாக விழுகிறது. அருவியின் ஆற்றலைப் பார்த்து, அமெரிக்காவின் முதல் நிதிச் செயலரான அலெக்சாண்டர் ஹாமில்டன் 1790களில் அங்கே ஆலைகளுக்கு வித்திட்டார். பின்னர் அது பட்டுத் தொழிலுக்குப் பேர்போனது. 1913இல் பட்டுத் தொழிலாளர்களின் பெரும் வேலைநிறுத்தமும் நடந்தது. அந்த நகரத்தையே ஒரு மனிதனாகக் கற்பனை செய்து, பழைய செய்தித்தாள் துணுக்குகள், நிலத்தடிப் பாறைகளின் பட்டியல், கடிதங்கள், கவிதை ஆகியவற்றை ஒன்றாக அடுக்கினார். ‘பொருள்களில் அன்றிக் கருத்துகள் இல்லை’ என்ற அவருடைய புகழ்பெற்ற அடி இதில் ஒலிக்கிறது. முதல் இரண்டு பகுதிகளே எனக்கு உயர்ந்தவையாகத் தெரிகின்றன. நான்காவதில் தொய்வு இருக்கிறது. ஒரு சங்கடத்தையும் சொல்ல வேண்டும். மார்சியா நார்டி என்ற கவிஞர் தனக்கு எழுதிய வேதனை நிறைந்த கடிதங்களை வேறு பெயரில் அப்படியே கவிதைக்குள் சேர்த்துக்கொண்டார். இரண்டாம் பகுதி முடிவதே அப்படி ஒரு நீண்ட கடிதத்தில்தான். கவிதையின் சொகுசான ஆண் குரலை அந்தப் பெண்ணின் குற்றச்சாட்டு உடைத்துப் போடுவதால் பகுதி வலுப்பெறுகிறது என்பது உண்மை. தன் சொந்தக் கவிதைகளுக்கு அங்கீகாரம் தேடி அலைந்த ஒரு பெண்ணின் சொற்கள் இன்னொருவருடைய புகழுக்குப் பயன்பட்டன என்பதும் உண்மை.

அங்கீகாரம் வந்தபோது உடல் தளர்ந்துவிட்டது. 1948இல் மாரடைப்பு. 1950இல் தேசியப் புத்தக விருது. 1951இல் முதல் பக்கவாதம். கிளினிக்கை மகனிடம் ஒப்படைத்தார். 1952இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் கவிதை ஆலோசகர் பதவிக்கு அழைப்பு வந்தது. உடனே, கம்யூனிசச் சார்புடையவர் என்ற குற்றச்சாட்டும், போர்க்காலத்தில் இத்தாலி வானொலியில் பாசிசத்துக்காகப் பேசிய பவுண்டின் நண்பர் என்ற குறையும் கிளம்பின. கம்யூனிஸ்டுகளைத் தேடி நடந்த மெக்கார்த்தி காலத்து விசாரணைகளுக்கு இடையே நியமனம் இழுத்தடிக்கப்பட்டு, அவர் ஒரு நாள்கூட அந்தப் பதவியில் அமரவில்லை. பவுண்டின் அரசியலை வில்லியம்ஸ் வெளிப்படையாகக் கண்டித்தவர். நட்பை மட்டும் கைவிடவில்லை. இடையில் மீண்டும் ஒரு பக்கவாதம். 1953இன் தொடக்கத்தில் மனச்சோர்வுக்காக மருத்துவமனையில் தங்கினார். எழுபதை நெருங்கும் ஒரு மனிதரை, வாழ்நாள் முழுவதும் அமெரிக்கா அமெரிக்கா என்று எழுதியவரை, அந்த நாடு இப்படி நடத்தியது.

அதற்குப் பிறகு அவர் எழுதியவற்றைத்தான் நான் அவருடைய மிகப் பெரிய வெற்றியாகக் கருதுகிறேன். வலது கை சரியாக இயங்காத நிலையில், இடது கையால் எழுத்து எழுத்தாகத் தட்டச்சு செய்தார். வரி மூன்று படிகளாக வலப்பக்கம் இறங்கும் புதிய வடிவம் அக்காலக் கவிதைகளில் நிலைபெற்றது; மூச்சு வாங்கி, நின்று, மறுபடி தொடரும் பேச்சு அதில் கேட்கிறது. 1955இல் வந்த ‘ஆஸ்ஃபோடெல்’ என்ற நீண்ட கவிதை ஃபிளாஸியிடம் பேசுவது. திருமண வாழ்வில் தான் செய்த துரோகங்களை ஏற்றுக்கொண்டு, மன்னிப்புக் கேட்டு, நாற்பதாண்டு உறவை ஆஸ்ஃபோடெல் என்ற பச்சைப் பூவைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லும் கவிதை அது. கவிதைகளிலிருந்து செய்தியைப் பெறுவது கடினம், ஆனாலும் அங்கே கிடைப்பது கிடைக்காமல் மனிதர்கள் தினமும் துயரத்தோடு சாகிறார்கள் என்ற பொருளில் அதில் வரும் வரிகளைப் பலரும் எடுத்தாள்கிறார்கள். ஆயிரக்கணக்கான பிறப்புகளையும் எத்தனையோ சாவுகளையும் பக்கத்தில் நின்று பார்த்த மருத்துவர் அதைச் சொல்கிறார் என்பதால், அதை மிகைக்கூற்றாக என்னால் ஒதுக்க முடியவில்லை.

இளைய கவிஞர்கள் அதற்குள் ரிட்ஜ் சாலைக்கு வரத் தொடங்கியிருந்தார்கள். பேட்டர்சனில் வளர்ந்த ஆலன் கின்ஸ்பெர்க் தன் எதுகைக் கவிதைகளை அனுப்பியபோது, அவை தேறாது என்று நேராகவே சொன்ன வில்லியம்ஸ், 1956இல் கின்ஸ்பெர்க்கின் ‘ஹவுல்’ வெளிவந்தபோது அதற்கு முன்னுரை எழுதினார். கின்ஸ்பெர்க்கின் கடிதங்கள் ‘பேட்டர்சன்’ கவிதைக்குள்ளும் இடம்பெற்றன. டெனிஸ் லெவர்டோவ், ராபர்ட் க்ரீலி, சார்லஸ் ஓல்சன் ஆகியோர் தங்கள் வழியை அவரிடமிருந்தே எடுத்துக்கொண்டார்கள். 1963 மார்ச் 4 அன்று அவர் ரதர்ஃபோர்டில், அதே வீட்டில் இறந்தார். கடைசித் தொகுப்பான ‘ப்ரூகலின் ஓவியங்கள்’ நூலுக்குப் புலிட்சர் பரிசு அறிவிக்கப்பட்டது அதற்குப் பின்னர், மே மாதத்தில்.

புதிதாகப் படிக்க நினைப்பவர்கள் ‘பேட்டர்சன்’ கவிதையில் தொடங்க வேண்டாம் என்பதே என் யோசனை. மருத்துவக் கதைகள் மட்டும் தனித் தொகுப்பாகக் கிடைக்கின்றன. அவற்றை முதலில் படித்துவிட்டு, 1923ஆம் ஆண்டுப் புத்தகத்தை உரைநடையோடு சேர்த்து வரிசையாகப் படித்தால், தள்ளுவண்டிக் கவிதை தன் இடத்தில், இருபத்தோரு கவிதைகளுக்குப் பிறகு வந்து நிற்கும். ‘ஆஸ்ஃபோடெல்’ கவிதையை மட்டும் கடைசிக்கு வைத்துக்கொண்டு, வாய்விட்டுப் படியுங்கள்.